ரெய்னி டியூஸ்டேயின் மகள்

பிஷப் என்று நாங்கள் கூப்பிட்ட மட்டக்குதிரை என் நெஞ்சு உயரம்கூட இல்லை. பெட்டைக் குதிரை பருவத்துக்கு வந்துவிட்டதா என்று தெரிய, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவனைக் கொண்டுவந்து நிறுத்துவோம். மோப்பம் பிடிப்பான், கனைப்பான், குதிப்பான். பெட்டை வாலைத் தூக்கிக்கொண்டு நின்றால் தயார் என்று பொருள். அதோடு அவன் வேலை முடிந்தது. அவனை இழுத்துக்கொண்டு போய் அடைத்துவிட்டு, பெட்டையைப் பெரிய பொலிக்குதிரையிடம் அனுப்புவோம். எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் தொடக்கூடாது. கல்யாணம் கட்டாத பிஷப் சாமியார் மாதிரி. அதனால்தான் அந்தப் பெயர்.

அவனை அடைக்க வேண்டிய இடம் மேட்டுக்கொல்லை. முற்றத்திலிருந்து அரை மைல் ஏற்றம், நடுவில் மூன்று கேட். கிளேர் மலைப்பக்கத்தில் மிஸஸ் ஆனரா கில்ஃபாயிலின் பண்ணையில் முப்பத்தோரு வருஷம் அந்த ஏற்றத்தை நான் ஏறியிருக்கிறேன். அந்த மே மாதம் ஒரு நாள் மட்டும் ஏறவில்லை. மழை. முழங்காலில் குத்தல். காலை ஐந்தரையிலிருந்து உட்காரவில்லை. பிஷப்பைக் கீழே ஓடைக்கரைத் துண்டு நிலத்தில் விட்டுவிட்டு, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வந்து கொண்டுபோகலாம் என்று உள்ளே போனேன். அடுத்த நிலத்தில், சற்று முன் அவனை வைத்துச் சோதித்துத் தயார் என்று தெரிந்துகொண்ட ப்ரைடி மேய்ந்துகொண்டிருந்தாள். நடுவில் பழைய கம்பி வேலி. அதற்கு மின்சாரம் கொடுத்திருக்கிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை.

ப்ரைடி யார் என்று சொல்ல வேண்டும். மிஸஸின் மாமியார் காலத்தில் ஒரு பெட்டை வாரம் முழுக்க ஏர் இழுத்து, ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கூட்டத்தோடு கல்சுவர் தாண்டி ஓடியதாம். அதன் வழியில் வந்த கடைசி உயிர் ப்ரைடி. வயது பத்தொன்பது. அதுவரை ஈன்ற நான்கும் ஆண். நான்கும் ஈவென்டிங் பந்தயத்துக்கு விற்றுப் போனவை. முதல் நாள் மைதானத்தில் நடை சுத்தம் காட்டி, இரண்டாம் நாள் காடு மேடு பள்ளம் எல்லாம் பாய்ந்து, மூன்றாம் நாள் களைத்த காலோடு மறுபடியும் கம்பம் தாண்ட வேண்டிய பந்தயம் அது. வம்சம் தொடர ஒரு பெட்டைக் குட்டி வேண்டும், அதுவும் சரியான ரத்தத்தில் வேண்டும் என்பதுதான் மிஸஸுக்கு இருந்த ஒரே ஆசை.

அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க அடுப்படி மேசையில் மூன்று பொலிக்குதிரைகளின் வம்சத்தாள்கள் கிடந்தன. ஒன்று ஹாலந்துக் கலப்பு. ஒன்று பந்தயத்திடலில் இருந்து அப்போதுதான் வந்த இளசு. மூன்றாவது டார்பி ஹானிஃபினின் லாயத்தில் நின்ற ரெய்னி டியூஸ்டே. இருபத்துமூன்று வயதுக் கிழவன், முழுப் பந்தய ரத்தம், பெரிதாக எதையும் ஜெயித்ததில்லை.

"டச்சுக்காரனோட குட்டி முதல் நாள் பொம்மை மாதிரி ஆடும் ஃபெலிம். பார்க்கிறவன் வாயைப் பிளப்பான்" என்றார் மிஸஸ்.

"ரெண்டாம் நாள் சுவரைப் பார்த்ததும் நின்னு யோசிக்கும் மிஸஸ்."

"உனக்கு எவன் சொன்னான்?"

"நான் வளர்த்த ரெண்டு யோசிச்சுச்சே. ஒண்ணு இன்னும் யோசிச்சிட்டுத்தான் இருக்கு."

அவர் சிரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "சரி, நீ கட்டுப் போட்ட காலுல எது வீங்காத காலு?"

இந்தக் கேள்வியை அந்த ஊரில் வேறு யாரும் ஒரு கூலிக்காரனிடம் கேட்க மாட்டார்கள். நான் டியூஸ்டேயின் மகள் ஒன்றை மூன்று வருஷம் பார்த்துக்கொண்டவன். பந்தயம் முடிந்த மறுநாள் காலையில் அதன் கால் நாலும் தண்ணீர்க் குழாய் மாதிரி சில்லென்று இருக்கும். அதைச் சொன்னேன். ப்ரைடியிடம் எலும்பும் நிதானமும் இருக்கிறது, மூச்சும் வேகமும்தான் வேண்டும், அது கிழவனிடம் இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் மற்ற இரண்டு தாள்களையும் மடித்து அடுப்பில் போட்டார். அன்று நான் என் அறைக்குப் போன நடையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ராஜா நடை.

தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். வேலியில் ஒரு கம்பி தொங்கியது. பிஷப் ப்ரைடியின் நிலத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தான், விலாவெல்லாம் வேர்வை. ப்ரைடியின் இரண்டு பக்கவாட்டிலும் சின்னக் குளம்புகளின் சேறு.

அவள் பதினாறு கைப்பிடி உயரம், முதுகே என் கண் மட்டத்துக்கு வரும். இவனுக்கு ஏணி வைத்தாலும் எட்டாது என்று எல்லோரும் சொல்வோம். ஆனால் ஓடைக்கரை சரிவு. அவள் பள்ளத்தில் நின்றிருக்கிறாள், அவன் மேட்டில்.

நான் செய்தது இதுதான். ஒரு கைப்பிடி வைக்கோலைச் சுருட்டி ப்ரைடியின் சேற்றைத் துடைத்தேன். கம்பியை முறுக்கிக் கட்டினேன். பிஷப்பை மேட்டுக்கொல்லைக்குக் கொண்டுபோய் அடைத்தேன். அப்போது முழங்கால் வலிக்கவே இல்லை.

மறுநாள் ப்ரைடியை டார்பியிடம் கொண்டுபோனோம். கிழவன் டியூஸ்டே தன் வேலையை ஒழுங்காகச் செய்தான். டார்பி தொப்பியைக் கழற்றி அவனுக்கு வணக்கம் வைத்தார். மறுநாளும் ஒருதரம் விடுவதற்காக ப்ரைடியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். பதினாறாம் நாள் மாட்டு வைத்தியர் ஐடா ஸ்கேன் கருவியோடு வந்தாள்.

"பிடிச்சிருக்கு ஆனரா! இதோ, கடலை மாதிரி உருண்டையா!"

மிஸஸ் ப்ரைடியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று நான் வாய் திறந்திருந்தால் ஐடா ஒரு ஊசி போட்டு அந்தக் கடலையைக் கரைத்திருப்பாள். ஒரு வாரத்தில் ப்ரைடி மறுபடி பருவத்துக்கு வந்திருப்பாள். டியூஸ்டே உயிரோடு இருந்தான், பருவகாலமும் பாக்கி இருந்தது. எனக்கு இதெல்லாம் தெரியும். யாருடையது என்று நிச்சயமாகத் தெரியாதே என்று என்னையே சமாதானம் செய்தேன். உண்மையில் பயம். எனக்கு வயது ஐம்பத்தெட்டு, படுக்கிற அறையும் அந்தப் பண்ணையில்தான். அதைவிட, அடுப்படியில் அவர் கேட்ட அந்தக் கேள்வியை இனிமேல் கேட்க மாட்டாரே என்கிற பயம்.

டிசம்பரில் டியூஸ்டே செத்துப்போனான். ஏப்ரல் கடைசியில், கஞ்சி ஆறுகிற காலை நேரத்தில், ப்ரைடி ஈன்றாள். பெட்டைக் குட்டி.

"பாருடா ஃபெலிம், அந்தத் தோளைப் பாரு! அப்படியே கிழவன் தோளு!"

"ஆமா மிஸஸ்."

குட்டிக்குக் கன்னம் அகலம், கணுக்கால் குட்டை, நெற்றியில் அடர்ந்த முன்மயிர். அதே முன்மயிர் கண்ணை மறைக்க, மேட்டுக்கொல்லையில் இன்னொருவன் புல் மேய்ந்துகொண்டிருந்தான். பார்க்க வந்தவர்கள் தேநீரும் ரொட்டியும் தின்றுவிட்டு, தோள் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் நான் "ஆமா" சொன்னேன். ஒவ்வொரு ஆமாவும் முந்தையதைவிடச் சுலபமாக வந்தது.

வம்சப் பதிவுக்காக, தாய் தகப்பன் யார் என்று சோதனைக்கு அனுப்ப ஐடா வந்து, குட்டியின் பிடரியிலிருந்து வேரோடு நாலு மயிர் பிடுங்கி உறையில் ஒட்டினாள். குட்டியைப் பிடித்திருந்தவன் நான்தான். ஆறு வாரம் கழித்துத் தபால் வந்தது. மிஸஸ் அதை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான், கடிதம் படிக்க எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும். அந்தத் தாளில் அந்த ஒரு வரி மட்டும் உடனே புரிந்துவிட்டது. தாய் சரி. தகப்பன் பொருந்தவில்லை.

அவர் எழுந்து நேராகத் தொலைபேசியை எடுத்தார்.

"டார்பி, என் ப்ரைடி மேல எந்தக் குதிரைய ஏத்தின? ... நான் பக்கத்துல நின்னேன், சரி, பார்த்தேன். மறுநாள் ரெண்டாவது தடவை விட்டியே, அப்ப நான் இல்லையே? ... கிழவனுக்கு முடியலைன்னா சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ... என் புருஷனோட சவப்பெட்டியத் தூக்கின தோளு உன்னோடது. அதுக்காகத்தான் இன்னும் மரியாதையாப் பேசிட்டிருக்கேன்."

நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

மறுநாள் ஆணி வாங்கக் கூட்டுறவுக் கடைக்குப் போனால், அங்கே எனக்கு முன்னாடியே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

"ஹானிஃபின் கிழவன் கைவரிசையைக் காட்டிட்டானாமே?"

"செத்த குதிரை சாட்சிக்கா வரப்போகுது?"

"நீ அங்க நின்ன ஆளாச்சே ஃபெலிம். என்னப்பா, அப்பவே வாடை அடிக்கலையா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது. அவர்கள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. வண்டியில் வந்து உட்கார்ந்தேன். நாற்பது வருஷம் ஒரு பொய்ப் பதிவு செய்யாத மனுஷன் டார்பி. ஊர் அவர் பெயரைக் கல்லாவில் வைத்து மென்றுகொண்டிருந்தது, நான் ஆணிப்பொட்டலத்தோடு நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

மிஸஸ் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளூர் வானொலியில் அன்றைய மரண அறிவிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அதை அணைத்தேன்.

"பிஷப்" என்றேன்.

"பிஷப்புக்கு என்ன?"

"குட்டி பிஷப்போடது மிஸஸ்."

அவர் சிரித்துவிட்டார். "அவனுக்கு ஏணி வேணும்டா."

"ஓடைக்கரையில அவ பள்ளத்துல நின்னா, வேண்டாம்."

சிரிப்பு மெல்ல நின்றது. கையிலிருந்து சோப்பு நுரை தரையில் சொட்டியது.

"எப்ப?"

"டார்பிகிட்டக் கொண்டுபோனதுக்கு முந்தின நாள். நான்தான் அவனக் கீழ விட்டேன். சேத்தத் துடைச்சதும் நான்தான்."

"ஐடா ஸ்கேன் பண்ணினப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்ப டியூஸ்டே இருந்தான்."

"இருந்தான் மிஸஸ்."

அவர் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, வெகுநேரம். "கோட்ட எடு. டார்பிகிட்டப் போறோம். இத நீயே உன் வாயால சொல்லு."

டார்பி முற்றத்தில் காலி லாயத்துக்கு முன்னால் நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏற்றம், மழை, கம்பி, சரிவு, வைக்கோல் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டுறவுக் கடையில் தலையாட்டியதையும் சொன்னேன். அதை மிஸஸிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

டார்பி முதலில் இருமினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"பிஷப்பா! அந்தச் சுண்டைக்காயா! கடவுளே, இருபத்துமூணு வயசு என் ராஜாவ ஒரு சுண்டைக்கா முந்திடுச்சா!"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பு என் முதுகை வளைத்துவிட்டது. பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் தாண்டி மிஸஸைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இவன் பயந்தவன், விடு. நீ என்னை அப்படி நினைச்சுட்டியே ஆனரா."

மிஸஸ் தலையைக் குனிந்துகொண்டார். கன்னம் இரண்டும் சிவந்துபோயின. முப்பத்தோரு வருஷத்தில் அவர் யார் முன்னாலும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. அதையும் நான்தான் செய்து வைத்தேன்.

"கடைக்கு நானே போய்ச் சொல்றேன் டார்பி, எல்லார் முன்னாடியும்" என்றார் கடைசியில்.

"நீ வேணாம். அவன் போகட்டும்."

சனிக்கிழமை, கூட்டம் அதிகமாக இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டியதில்லை. இன்றும் அங்கே நான் நுழைந்தால் யாராவது ஒருவன் ஏணி விலை கேட்பான்.

ஆனால் டார்பியிடமிருந்து திரும்பி வந்த அந்த வழியைத்தான் சொல்ல வேண்டும். பத்து மைல் வழி, மிஸஸ்தான் வண்டியை ஓட்டினார். எங்கள் பண்ணைச் சாலைக்குத் திரும்புகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார். என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அந்தத் தாள் வராம இருந்திருந்தா, சொல்லியிருப்பியா?"

பொய் சொல்ல எனக்கு நேரம் கொடுத்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லியிருப்பேன் என்று சொன்னால் நம்பத் தயாராக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். நம்பிக்கை அவருக்கும் அன்றைக்குத் தேவையாக இருந்தது.

"மாட்டேன் மிஸஸ்."

அவர் ஒருதரம் தலையசைத்தார். நான் இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்து பிடித்தேன். வண்டி உள்ளே போயிற்று. எப்போதும் நான் சாத்திவிட்டு வந்து ஏறும்வரை நிறுத்துவார். அன்று நிறுத்தவில்லை. நான் கேட்டைச் சாத்தி, கொக்கியை மாட்டி, நடந்தே வந்தேன்.