உஷ்

மைக்கை மனைவியின் வாய்க்கு ஓரங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார் மெக்கானிக். முப்பத்தொரு வருடம் லிஃப்டுகளைப் பழுது பார்த்த கை, ஆடாமல் நின்றது. கட்டில்தான் ஆடியது. அவள் ஒவ்வொரு தடவை மூச்சை இழுக்கும்போதும் அதன் ஒரு கால் முனகியது.

"இருபத்திரண்டாம் அத்தியாயம்" என்றாள் அவள். பாதிதான் வெளியே வந்தது. மீதி தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

"போதும்மா. அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்புறம்னா எப்போ?"

அவர் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு அணைந்தது. புத்தகத்தில் இன்னும் பதினொரு பக்கம் இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மனைவி ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுபவளாக இருந்தாள். "நாற்பத்திமூணு, ரெண்டாம் ரூம்" என்று அவள் கூப்பிட்டால் காது மந்தமான கிழவர்கூட முதல் தடவையிலேயே எழுந்து நிற்பார். பல்வலியோடு வந்து உட்கார்ந்திருந்த நூலகர் அம்மா அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத் தன் நம்பர் போனதுகூடத் தெரியாமல் இருந்தாராம். கண் தெரியாதவர்களுக்காக நூலகத்தில் குரல் புத்தகத் திட்டம் ஒன்று தொடங்கியிருந்த நேரம். புத்தகத்தை வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயத்தை நூலகத்துக் கூடத்தில் ஒலிபரப்புவார்கள், வந்தவர்கள் சேர்ந்து கேட்பார்கள்.

"நான் எட்டாவதோட நின்னவ. நம்பர்தான் வாசிப்பேன்" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள்.

"நம்பரையே இப்படி வாசிக்கிறீங்களே" என்றார் நூலகர்.

அதற்குப் பிறகு நாற்பது புத்தகங்கள். இது நாற்பத்தொன்றாவது. மலைப்பாதையில் காணாமல் போன தபால்காரர் ஒருவரைத் தேடும் கதை.

இந்த வேலையில் மெக்கானிக்குக்கும் ஒரு பங்கு உண்டு. சத்தம் போடாமல் இருப்பது. அதை அவர் சாதாரணமாகச் செய்யவில்லை. கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றினார். காலை பத்திலிருந்து பதினொன்று வரை ஃபேனை நிறுத்திவிட்டு வேர்வையில் குளித்தார். வா என்றால் வராத இருமல் பத்து மணிக்குச் சரியாக வந்து நிற்கும். அதையும் விழுங்கப் பழகினார். எப்போதாவது மறந்துபோய்க் கதவைத் திறந்து, "டீ ஆறுது" என்றுவிடுவார். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலை உயர்த்தி "உஷ்" என்பாள். அந்த இடங்களை நூலகத்தில் வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அன்று முழுக்க அவருக்குக் குற்றம் செய்த மாதிரி இருக்கும்.

"நீங்க படிச்சிடுங்க" என்றாள் மனைவி இப்போது.

"நானா? என் குரல் கடை ஷட்டரை இழுக்கிற மாதிரி இருக்கும்."

"ஷட்டரை இழுத்தாத்தானே கடை திறக்கும்."

"ரேடியோவுல நியூஸ் வாசிச்சவர் ஒருத்தர் இருக்காராமே. நூலகர் அம்மா சொன்னாங்களே."

"அவர் தபால்காரரைச் சாகடிச்சாலும் வானிலை அறிக்கை மாதிரிதான் சாகடிப்பாரு." இதைச் சொல்ல அவளுக்கு நான்கு மூச்சு தேவைப்பட்டது. பிறகு, "கேக்கறவங்களுக்கு உங்களைத் தெரியும்" என்றாள்.

அவளுக்கு நினைவு தடுமாறுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். "பார்க்கலாம்" என்றார்.

அந்த வீட்டில் அவர் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று பொருள். முப்பத்துநான்கு வருடமாக அப்படித்தான். அவள் உதட்டோரம் லேசாகச் சுழித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் மைக்கின் ஒயரை முறுக்கு விழாமல் எட்டுப் போலச் சுற்றத் தொடங்கினார். சுற்றி முடித்து ரப்பர் பட்டை போடும்போது கட்டில் முனகவில்லை. ஒன்பது வருடம் அந்த அறையின் சத்தத்துக்குக் காவல் இருந்தவர். திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுக்களையிலிருந்து வந்த மகளிடம், "அம்மா கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை எல்லாம் முடிந்தது. மதியத்துக்கு மேல் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். "தைரியமா இருங்க" என்று எல்லாரும் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவர் தலையை ஆட்டினார். அவர் மனதில் துக்கத்தோடு கூடவே வேறொன்றும் நெருஞ்சி முள் மாதிரி குத்திக்கொண்டிருந்தது. அவள் கேட்டதற்கு அவர் கடைசியாகச் சொன்ன சொல் அந்தப் பார்க்கலாம்தான். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு பேர் கேட்கத் தன் குரலை உயர்த்துவது என்பது அவரால் ஆகிற காரியமா? மகள் கல்யாணத்தில் மைக்கைக் கையில் கொடுத்தபோதே அவர் அதைப் பக்கத்தில் இருந்த சமையல்காரரிடம் தள்ளிவிட்டவர். அன்று நன்றியுரை சொன்னது சமையல்காரர்தான்.

மூன்று மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. நூலகர் அம்மா இறங்கினார். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பிரம்பு நாற்காலி பின்னுகிற ஒருவர், அவர் தோளைத் தொட்டுக்கொண்டு டெலிபோன் ஆபரேட்டர் பெண் ஒருத்தி. இருவருக்கும் கண் தெரியாது. கையில் மடக்குத் தடி.

நாற்காலிக்காரர் படியில் நின்று, "உஷ் இருக்காருங்களா?" என்று கேட்டார்.

மகள் விழித்தாள். "யாருங்க?"

"உஷ்ஷுங்க. இந்த வீட்டு உஷ்."

மூலையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்கு இருமல் வந்தது. விழுங்கப் பார்த்தார், முடியவில்லை. வந்தவர்கள் இருவரின் முகங்களும் ஒரே சமயத்தில் அவர் பக்கம் திரும்பின.

"இதோ இருக்காரே" என்றாள் ஆபரேட்டர்.

நாற்காலிக்காரர் நேராக வந்து, காற்றில் ஒரு தடவை துழாவி, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. எங்களுக்கு உங்க பேரு தெரியாது. படிக்கிற அம்மா உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. உஷ்னுதான் சொல்வாங்க. நாங்க அதையே வெச்சுக்கிட்டோம்."

மெக்கானிக் நூலகரைப் பார்த்தார். "அதெல்லாம் வெட்டிடுவீங்கன்னு…"

"முதல் புத்தகத்துல வெட்டித்தான் போட்டோம்" என்றார் நூலகர், பிடிபட்டவர் போல. "ரெண்டாவதுல ஒரு தடவை அவசரத்துல அப்படியே போயிடுச்சு. அதுக்கப்புறம் வெட்டினா கூடத்துல சண்டைக்கு வர்றாங்க. வீட்டை எங்க கொண்டுபோய் வெச்சீங்கன்னு கேக்கறாங்க."

"படகுக்காரன் கதை ஞாபகம் இருக்கா?" என்றாள் ஆபரேட்டர். "படகு கவிழப் போற நேரம். நீங்க வந்து, கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொன்னீங்க. அம்மா உஷ்னுட்டு மேல படிக்கிறாங்க. எனக்குப் படகு போனா போகட்டும்னு ஆயிடுச்சு. அன்னிக்கு நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு ஒரு வாரம் கவலை."

"சாப்பிட்டோம்" என்றார் மெக்கானிக். "பக்கத்து வீட்டுல சிலிண்டர் வாங்கினோம்."

"அப்பாடா" என்றாள் அவள், நேற்று நடந்ததைக் கேட்டவள் மாதிரி.

"நான் கதவுக்கெல்லாம் எண்ணெய் விட்டேனே."

"தெரியுங்க" என்றார் நாற்காலிக்காரர். "அதுவரைக்கும் உங்க கதவு நல்லாப் பேசும். ஒருநாள் பேச்சையே நிறுத்திடுச்சு. வீடு மாத்திட்டீங்களோன்னு பயந்துட்டோம். அப்புறம் இருமினீங்க. நிம்மதியாச்சு."

மெக்கானிக் நூலகர் பக்கம் திரும்பினார். "அவளுக்கு இது தெரியுமா?"

"தெரியும்" என்றார் நூலகர். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன். சொன்னா நடிக்க ஆரம்பிச்சிடுவீங்களாம்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய விரல்களுக்கு இடையே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. மெக்கானிக்குக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. ஒன்பது வருடமாக யார் கண்ணிலும் படாமல் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தவருக்கு, எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்று இன்றைக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் நன்றாகத்தான் இருந்தது.

நூலகர் டீயை வாங்கிக்கொண்டு மெல்லப் பேச்செடுத்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. கடைசி அத்தியாயம். நாற்பது பேர் வருவாங்க. ரேடியோக்காரர் படிச்சுத் தர்றேன்னு சொல்றாரு. புத்தகத்தை மட்டும் கொடுத்தீங்கன்னா…"

"வேணாம்" என்றார் நாற்காலிக்காரர். "இருபத்தொண்ணோடயே நிறுத்திடலாம். அவர் நல்லாத்தான் படிப்பாரு. ஆனா அவர் படிக்கிற வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க."

"நிறுத்தறதாவது?" என்றாள் ஆபரேட்டர். "தபால்காரர் செத்துட்டாருன்னு நான் சொல்றேன். இல்ல, ஓடிட்டாருன்னு இவர் சொல்றாரு. மூணு வாரமா எங்களுக்குள்ள பேச்சே சரியில்ல. முடிவு தெரியாம நான் எப்படித் தூங்கறது?"

இருவரும் வாக்குவாதத்தில் இறங்கினார்கள். துக்க வீடு என்பது நினைவுக்கு வந்து சட்டென்று நிறுத்தினார்கள்.

மெக்கானிக் எழுந்து அறைக்குள் போனார். புத்தகம் தலைமாட்டில் இருந்தது. அதை எடுத்து வந்து நூலகரின் மடியில் வைப்பதாகத்தான் நினைத்துப் போனார். திரும்பி வந்தபோது அவர் இன்னொரு கையில் ரெக்கார்டரும் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஒயரைப் பிரித்தார்.

"எப்படி ஆரம்பிக்கணும்?"

நூலகர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அத்தியாயம் சொல்லணும். படிக்கிறவங்க பேர் சொல்லணும். அவ்வளவுதான்."

அவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். தொண்டையைச் செருமினார். "இருபத்திரண்டாம் அத்தியாயம்" என்றார். குரல் ஷட்டர் மாதிரியே இருந்தது. "படிப்பது…" என்று சொல்லி நின்றார். "படிப்பது, உஷ்."

நாற்காலிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஆபரேட்டர் தடியை மடக்கி மடியில் வைத்தாள்.

முதல் பக்கத்தில் சொற்களுக்கு நடுவே பென்சிலால் சின்னச் சின்னச் செங்குத்துக் கோடுகள். அவள் ஒவ்வொரு மாலையும் பென்சிலோடு உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார். அச்சுப்பிழை பார்க்கிறாள் என்று நினைத்திருந்தார். நிமிர்ந்து கோட்டைக் காட்டி நூலகரிடம் புருவத்தை உயர்த்தினார். நூலகர் சத்தமில்லாமல் மூச்சை உள்ளே இழுத்துக் காட்டினார். மூச்சு விடுகிற இடம்.

அவர் படித்தார். எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தார். மலை என்று இருந்த இடத்தில் மழை என்று படித்துத் திருத்தினார். போகப் போகக் கோடுகள் நெருங்கி வந்தன. ஆறு சொல்லுக்கு ஒன்று. நான்குக்கு ஒன்று. மூன்றுக்கு ஒன்று. அவருடைய நுரையீரலுக்கு ஒன்றும் குறைவில்லை, ஒரே மூச்சில் ஒரு பத்தியைக் கடந்துவிடுவார். இருந்தாலும் ஒவ்வொரு கோட்டிலும் நின்று, ஒரு மூச்சு விட்டுவிட்டே மேலே போனார். அவர் நின்ற இடத்திலெல்லாம் எதிரே இருந்த இருவரும் தங்களை அறியாமல் மூச்சு விட்டார்கள். அவர்கள் காதுக்கு அந்த நடை பழகியிருந்தது.

தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் நிறுத்தவில்லை.

ஒன்பதாவது பக்கத்தைத் திருப்பியபோது கோடுகள் இல்லை. அடுத்த பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். அதிலும் இல்லை. வெறும் அச்செழுத்து. அவள் முன்கூட்டிப் படிப்பவள் இல்லை, மாலையில் பென்சிலோடு உட்காரும்போதுதான் முதல் தடவையாகப் படிப்பாள் என்று நூலகர் எப்போதோ சொன்னது அவருக்கு நினைவு வந்தது. தபால்காரர் மலைப்பாதையின் கடைசித் திருப்பத்தில் இருந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள் ஆபரேட்டர், மெதுவாக.

"ஒரு நிமிஷம்."

அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். முதல் வரியை உதடு அசையாமல் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். நடுவில் ஓரிடம் பார்த்து, சின்னதாக ஒரு கோடு போட்டார்.