தாராளமான ஹெல்மெட்

மணி மூன்றேகால். கல்வராயன் மலைமேல் கருத்துக்கொண்டு வந்தது. ஆறு மணிக்கு, புதிதாக மாற்றலாகியிருந்த வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் நர்ஸான எனக்கு முதல் டூட்டி. கொண்டுபோய் விட வேண்டிய என் கணவர் கிறிஸ்துதாஸோ கள்ளக்குறிச்சி ஹெல்மெட் கடைக் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"கன்னத்த அமுக்குது. கொஞ்சம் தாராளமா குடுங்க," என்றார் கடைக்காரர் கண்ணாயிரத்திடம்.

தாராளம்! இந்த மனுஷனுக்குச் சட்டை தாராளம், செருப்பு தாராளம். வளர்கிற பிள்ளை என்று என் மாமியார் பழக்கிவிட்டது. நாற்பத்தைந்து வயதிலும் வளர்ந்துகொண்டே இருக்கிறார். போன மாதம் மலை வளைவில் வண்டி சறுக்கியபோது தாராள ஹெல்மெட் கழன்று புதர்மேல் பத்திரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. இவர் தலையில் ஏழு தையல். அத்தனை பேருக்குக் கட்டுப் போட்ட நான் அன்று இவர் தலைக்கு வேறொரு நர்ஸைக் கூப்பிட்டேன். இனி அதே வளைவில் தினமும் நானும் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும்.

"ஹெல்மெட்ட புடிச்சித் திருப்புனா கன்னத் தோலும் கூடவே வரணும் சார். அதான் அளவு," என்றார் கண்ணாயிரம்.

"அதையே குடுங்க. வலிச்சா வலிக்கட்டும். எனக்கும் ஒண்ணு, சீக்கிரம்," என்றேன்.

எனக்குக் கொடுத்தது கொண்டைமேல் ஏறி நின்றது. பெரியது கேட்டேன். அது கொண்டையையும் சேர்த்து மூடிக்கொண்டது.

"போதும், போலாங்க."

கிறிஸ்துதாஸ் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் திருப்பினார். கண் இருட்டிவிட்டது. என் மூக்குக்கு முன்னால் வெறும் பஞ்சு.

"இன்னா லூசி, தாராளமா கீதுல்ல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கொண்டைய அவுத்துட்டா சின்னதே போதும்மா," என்றார் கண்ணாயிரம்.

அவருக்கென்ன தெரியும்? அது கொண்டையில்லை, சவுரி. இரண்டு வருஷத்துக்கு முன் டைபாய்டில் பாதி முடி கொட்டிவிட்டது. அதன்பிறகு சவுரி இல்லாமல் கோயிலுக்குக்கூட நான் போனதில்லை. இப்போது நடுக் கடைவீதியில் அவிழ்க்கிறதா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

மலைப்பக்கம் இடி உருண்டது. கிறிஸ்துதாஸ் வாசலை எட்டிப் பார்த்தார். அவர் தலையில் தையல் போட்ட இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை. அதை அவர் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

பூவை எடுத்தேன். ஊசிகளை எடுத்தேன். சவுரியை இழுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாயிரம் சட்டென்று திரும்பி, ஏற்கெனவே துடைத்திருந்த அலமாரியைத் துடைத்தார்.

சின்ன ஹெல்மெட் காதை நெரித்துக்கொண்டு இறங்கியது. கிறிஸ்துதாஸ் பிடித்துத் திருப்பினார். கன்னமும் கூடவே வந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது," என்றேன். கண்ணீர் வந்துவிட்டது. அது ஹெல்மெட்டால் இல்லை என்று அவருக்குத் தெரியும். தாடை வாரை மெதுவாக மாட்டிவிட்டார்.

அந்தப் பழைய தாராள ஹெல்மெட்டைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்திருந்தார். சவுரியைச் சுருட்டி அதற்குள் வைத்து, மேலே பூவையும் வைத்தார்.

"இதுக்கேத்த தலை இப்பதான் கெடச்சிது."

சிரிக்கப் பார்த்தேன். கன்னம் அசைய இடமில்லை.

"வண்டிய எடுங்க, மழ வருது," என்றேன்.