வலை இல்லாத மிஷின்

மந்தைவெளியில் சோடா கம்பெனி வைத்திருந்த கரீமுல்லாவுக்கு அன்று காலை நாஷ்டா இறங்கவில்லை. நாடெங்கும் உள்ள சோடா, கலர் கம்பெனி முதலாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். எந்தக் கம்பெனியில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு எத்தனை டஜன் பாட்டில் அடைக்கிறான் என்று அந்தச் சங்கம் ஊர் ஊராக அளந்து வந்தது. அன்று வந்த கணக்கில் பட்டணத்திலேயே கரீமுல்லாவின் கம்பெனிதான் கடைசி. முதலில் நின்றது தியாகராய நகரில் தணிகாசலம் நடத்திய கம்பெனி. ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கரீமுல்லா இதைத் தன் ஆட்களிடம் மறைக்கவில்லை. இப்படியே போனால் கம்பெனி நிற்காது என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டார். மிஷின் ஓட்டும் பொன்னுரங்கமும் கேட்டுக்கொண்டிருந்தான். அப்படி என்னதான் செய்கிறார்கள், பார்த்துவிட்டு வரலாம் என்று கரீமுல்லா ஜட்கா வண்டி பிடித்துத் தியாகராய நகருக்குப் போனார்.

தணிகாசலம் பெருமையோடு உள்ளே கூட்டிப்போனார். அதே மிஷின்தான். பாட்டிலைப் பொருத்தி, காஸ் ஏற்றி, சக்கரத்தைச் சுற்றினால் கோலி வந்து வாயை அடைத்துக்கொள்ளும். ஆனால் பாட்டில் வெடித்தால் சில்லைத் தடுக்கும் கம்பி வலையைக் காணோம்.

"ஒவ்வொரு தபாவும் வலையைத் தெறந்து மூடினா பாதி நாளு அதுலயே போவுது பாய். கயட்டிப் போட்டுட்டேன். அவ்ளோதான்" என்றார் தணிகாசலம்.

கரீமுல்லா வாய் திறப்பதற்குள் வேட்டுப் போட்டதுபோல் ஒரு சத்தம். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த சின்னப்பையன் என்ற ஆள் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கத்தவில்லை. விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. இரண்டு பேர் அவனைத் தூக்கிப் போனார்கள். இன்னொருவன் சில்லுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு அதே இடத்தில் நின்று சக்கரத்தைப் பிடித்தான். யாரும் அவனுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. தணிகாசலம் ஒரு கலர் பாட்டிலின் கோலியை அமுக்கித் திறந்து விருந்தாளியிடம் நீட்டினார்.

கரீமுல்லா அதை வாங்காமலே வெளியே வந்தார். ஜட்காவை நேரே மந்தைவெளிக்கு விடச் சொன்னார்.

தன் கம்பெனி வாசலிலேயே சக்கரம் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும் சத்தம் கேட்டது. உள்ளே பொன்னுரங்கம் வியர்க்க விறுவிறுக்க வேலை செய்துகொண்டிருந்தான். வலை சுவரோரம் சாய்ந்து கிடந்தது.

"கம்பெனி நின்னுட்டா நாங்க எங்க போவோம், மொதலாளி? அதான் கயட்டிட்டேன். இப்ப பாருங்க, இன்னா வேகமா போய்க்கினு கீது."

கரீமுல்லா பாய்ந்து சக்கரத்தை இரு கையாலும் பிடித்து நிறுத்தினார். பொன்னுரங்கத்தின் தாடையைப் பற்றித் திருப்பி, ஒரு கண்ணையும் மறு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாட்டு" என்றார் கடைசியில். "அதை மாட்டு. நாம கடைசியாவே இருந்துட்டுப் போறோம்."

சின்னப்பையனுக்கு இடது கண் போய்விட்டது. அடுத்த சங்கக் கூட்டத்தில் கரீமுல்லா எழுந்து, தியாகராய நகரில் தான் பார்த்ததையெல்லாம் சொன்னார். வலை இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் அளக்கவேண்டும் என்றார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, முதலில் நின்றதற்காகத் தணிகாசலத்துக்கு மாலை போட்டார்கள். கைதட்டல் ஓய்ந்ததும், பக்கத்து நாற்காலியிலிருந்த அடையாறு கம்பெனிக்காரர் கரீமுல்லாவின் காதருகே குனிந்து, அந்த வலையைக் கழற்றுவது சுலபந்தானா என்று விசாரித்தார்.