சிறகில்லாத இனம்

எனக்கு இருபத்திரண்டு ஞானக் குழந்தைகள். திருச்சிராப்பள்ளியில் எங்கள் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் குழந்தை பிறந்தால், ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்க டோரதி டீச்சர் என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணம் ஆகாதவள், கூப்பிட்ட நேரத்துக்கு வந்துவிடுவாள் என்ற தைரியம். ஞானத்தாயின் பெயரைக் குழந்தைக்கு வைக்கும் வழக்கம் உண்டு. இருபத்திரண்டில் ஒன்றுக்குக்கூட என் பெயரை வைக்கவில்லை. வாயில் நுழையவில்லையாம். ரோசரி என்ற பெயர் மட்டும் எப்படி நுழைந்ததோ தெரியவில்லை.

ஆகவே, புதிய உயிரினத்தைக் கண்டுபிடித்தவரின் பெயரை அதற்கு வைப்பதுண்டு என்று படித்த அன்றே நான் தீர்மானித்துவிட்டேன். அதுவும் லத்தீனில் வைப்பார்கள், பூசை மொழி. உலகம் இருக்கும்வரை அழியாது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. என் பெயரைச் சுமக்க ஒரு பூச்சியாவது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் பெண்கள் பள்ளியில் இயற்கைப் பாடம் எடுத்தேன். பள்ளிக்குப் பின்னால் இருந்த அறையில் குடியிருந்தேன். பூச்சிகளைப் பற்றி பள்ளியில் ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. அதிலும் பட்டுப்பூச்சிக்கு அப்புறமுள்ள பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. பள்ளியை நடத்திய கன்னியாஸ்திரி மதர் வேறு புத்தகம் வாங்கித் தர மாட்டார். பரிணாமம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. வகுப்பில் அதைச் சொல்லாமல், குகையில் வாழும் மீனுக்குக் கண் போன கதையையும் பாம்புக்குக் கால் போன கதையையும் மட்டும் சொல்லிச் சமாளித்தேன். வேண்டாததைத் தலைமுறை தலைமுறையாகக் கழற்றிப் போடுவதும் பரிணாமம்தான் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. மதருக்குப் புரியவில்லை, நல்ல காலம்.

1936ஆம் வருஷம், ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில், கருவேல மரங்களில் பைப்புழுக்களைப் பார்த்தேன். குச்சிகளை ஒடித்துப் பட்டு நூலால் கட்டிப் பையாக்கி, அதற்குள்ளேயே இருந்துகொண்டு கிளையில் தொங்கும் புழுக்கள். சிறிய பைகளும் இருந்தன, பெரிய பைகளும் இருந்தன. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்ப் பறித்துவந்தேன். ஒரு போத்தலுக்கு ஒரு பை, வாயில் மஸ்லின் துணி, துணிமேல் முடிச்சு. ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பது நானே போட்ட சட்டம்.

சிறிய பைகளிலிருந்து பழுப்பு நிறத்தில் சிறகுள்ள அந்துப்பூச்சிகள் வந்தன. பெரிய பைகளிலிருந்து எதுவுமே வரவில்லை. ஒன்றை வெட்டிப் பார்த்தேன். மஞ்சளாக, மெத்தென்று ஒரு உடம்பு. சிறகு கிடையாது, கால் பெயருக்குத்தான். ஆனால் உடம்பு நிறைய முட்டை. முட்டை இருந்தால் அது புழு அல்ல, முழுதாய் வளர்ந்த பூச்சி. ஆக, இது வேறு இனம். சிறகை அடியோடு விட்டுவிட்ட இனம் என்று முடிவு செய்தேன்.

இதில் ஆண் எங்கே என்ற கேள்வி வராமல் இல்லை. அசுவினிப் பூச்சிகளில் ஆண் இல்லாமலே வம்சம் வளரும். இதுவும் அப்படித்தான், ஆணே தேவைப்படாத இனம் என்று எழுதிக்கொண்டேன். அந்த முடிவு எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. போத்தல்களில் ஒரு முட்டைகூடப் பொரியவில்லையே என்றால், திருச்சி வெயில் என்று வெயில்மேல் பழியைப் போட்டேன்.

பக்கத்து அறையில் தையல் டீச்சர் செல்வமேரி இருந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். சாயங்காலம் ஆனால் என் ஜன்னலில் பழுப்பு அந்துப்பூச்சிகள் வந்து மோதும். நான் விளக்குமாற்றால் அடித்து விரட்டுவேன். அவள் ஒருநாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என் ஜன்னல்ல விளக்கு எரியுது, ஒண்ணும் வரலை. நீங்க இன்னும் விளக்கே ஏத்தலை, எல்லாம் உங்க ரூமுக்கே வருதே டீச்சர்.”

போய் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டுகிற வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு பெரிய பைகளையும் பன்னிரண்டு பக்கக் கட்டுரையையும் கோயம்புத்தூரிலிருந்த ஒரு பூச்சியியல் அதிகாரிக்கு அனுப்பினேன். இனத்துக்கு வைக்க வேண்டிய பெயரையும் நானே எழுதி, அடியில் கோடு போட்டிருந்தேன். பதில் வரும்வரை மூன்று வாரம் தபால்காரரை வாசலிலேயே போய்ப் பிடித்தேன்.

கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. சிறகு போய்விட்டது என்று நீங்கள் கண்டது சரி, ஆனால் போனது பெண்ணுக்கு மட்டும் என்று எழுதியிருந்தார். சிறிய பையிலிருந்து பறந்து வந்தது ஆண், பெரிய பைக்குள் இருந்தது பெண். இரண்டும் ஒரே இனம், பெயர் வைத்து எத்தனையோ வருஷமாகிறது. பெண் வெளியே வருவதே இல்லை. பையின் அடிவாயில் மஞ்சள் ரோமம் தெரிந்தால் அவள் தயார் என்று அர்த்தம். அவள் விடும் வாசனையை மோந்துகொண்டு ஆண் தேடி வரும். வராவிட்டால் சில நாள் காத்திருந்து, முட்டை பொரியாமலே செத்துப்போவாள்.

பெயர் போனதற்கு அழலாம் என்றுதான் கதவைச் சாத்தினேன். அழுகை வரவில்லை. அலமாரியைப் பார்த்தேன். பெரிய பை வைத்த போத்தல்கள் பதினொன்று. ஒன்றொன்றாகத் துணியைப் பிரித்தேன். பத்துப் பைகளுக்குள் காய்ந்துபோன தோல்தான் இருந்தது. பெண்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆண்களும் வந்திருக்கிறார்கள். நடுவில் மஸ்லினும் விளக்குமாறுமாக நான் நின்றிருக்கிறேன்.

பதினோராவது பையின் அடியில் மஞ்சள் ரோமம் எட்டிப் பார்த்தது.

செல்வமேரியிடம் கடிதத்தைக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“ஜன்னலைத் திறந்து வச்சாப் போதுமே டீச்சர்,” என்றாள்.

ஜன்னலில் என்னால் முடியாது. அங்கே எத்தனை பூச்சியை அடித்திருக்கிறேன். போத்தலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திருவானைக்காவலைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் இறங்கி, கொள்ளிடக் கரைக்கு நடந்தேன். வெயில் தணிந்திருந்தது. பறித்த மரம் எதுவென்று நினைவில்லை. ஏதோ ஒரு கருவேலங்கிளையில் நூலால் பையைக் கட்டிவிட்டுத் தள்ளி நின்றேன்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து ஒன்று வந்தது. நேராக வரத் தெரியாமல் தடுமாறி, கிளையைச் சுற்றி, மோதி, விழுந்து, மறுபடி பறந்தது. கடைசியில் பையின் அடிவாயைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்து சுற்றியது.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெளியே வராதவளை, முகம் காட்டாதவளை, இவ்வளவு பெரிய ஆற்றங்கரையில் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். பள்ளியில் சாப்பாட்டு மணி அடித்திருக்கும். நான் இல்லாததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு புழுவைப் பார்த்து.