துங்கவ்வா போடாத கையெழுத்து

மூன்றாவது மாதமும் பென்ஷன் வராமல் போன மறுநாள் காலையில், துங்கவ்வாவின் வீட்டுக் கதவில் யாரோ சாணியை அள்ளி அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அடித்தது வெளியாள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளோடு முப்பது வருஷம் நீர் வாரியத்தில் வேலை பார்த்த கை ஒன்றுதான் அதைச் செய்திருக்கும். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து கழுவினாள். எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த பழைய மீட்டர்காரர் சென்னப்பா, பார்த்தும் பார்க்காதவர்போல உள்ளே போய்விட்டார்.

ஹொளெகட்டி நீர் வாரியத்தில் குளோரின் கலக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் துங்கவ்வா. அந்தப் புகை நெஞ்சில் தங்கிவிட்டது; நான்கு படி ஏறினால் இருமல் வரும். படித்தது ஏழாம் வகுப்பு. ஆனால் எந்த அதிகாரி முன்னாலும் நா குழறாமல் பேசுவாள் என்று, ஓய்வு பெற்ற நானூற்றுச் சொச்சம் பேரும் சேர்ந்து அவளைப் பென்ஷன் நிதிக் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். கூடவே வால்வு திறக்கும் வேலை பார்த்த ஈரண்ணாவையும். வங்கியில் கிடந்த முப்பத்தொரு கோடியை எடுக்க வேண்டுமென்றால் இந்த இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ எழுதிவைத்த விதி அது.

புதிதாக வந்த ஆணையர் பட்டணஷெட்டிக்கு அந்த விதி தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தது. ஏரிக்கரையில் பாட்டுக்கு ஆடும் நீரூற்றும் கண்ணாடிப் பாலமும் கட்டத் தொடங்கி, பாதியில் பணம் தீர்ந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் நாள் தவறாமல் அவருடைய அறை வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். ஆணையர் துங்கவ்வாவைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ வரவழைத்துப் பேசினார்.

"கடனாத்தானே கேக்கிறேன், துங்கவ்வா. டிக்கெட் வசூல்ல ரெண்டே வருஷத்துல திருப்பிப் போட்டுடுவோம்."

"வசூல் வரலேன்னா, சார்?"

"வாரியம் இருக்கில்ல."

"பம்பு ரிப்பேருக்கே வாரியத்துல காசில்லன்னு போன மாசம் நீங்கதானே சொன்னீங்க."

பட்டணஷெட்டி சிரித்தார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மாசாமாசம் குழு கூடி ஒப்புதல் குடுத்தாத்தான் பென்ஷன் போகும். குழுவைக் கூட்டறது நான். நீங்க ஒத்துழைக்காத குழுவைக் கூட்டி என்ன பிரயோஜனம், சொல்லுங்க."

அன்றைக்கு நின்றது பென்ஷன். அடுத்த வாரமே அவள் மகன் மாருதியை, பம்பு நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவனை, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாருதி அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சோள ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

டீக்கடையில் கிழவர்கள் முதல் மாதம் ஆணையரைத் திட்டினார்கள். "நீரூத்துல தண்ணியா விடப்போறான்? நம்ம எலும்பச் சாறு புழிஞ்சு விடப்போறான்" என்று சிரித்தார்கள். இரண்டாவது மாதம் சிரிப்பு நின்றது. மூன்றாவது மாதம், "அவ ஒருத்தி பிடிவாதத்த விட்டா நமக்கு இந்தக் கதி வருமா?" என்று பேச்சு திரும்பிவிட்டது.

சாணியைக் கழுவிய அன்று சாயங்காலம் ஈரண்ணா வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அவர் மனைவி தானம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது.

"உள்ள வாங்கண்ணா."

"வரல தங்கச்சி. நான் போட்டுட்டேன்."

அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் கேட்டாள். "என்னத்தப் போட்டீங்க?"

"கையெழுத்த. மத்தியானம் போய்ப் போட்டேன். இந்த வாரம் ரெண்டு தடவையும் அவளக் கூட்டிட்டுப் போகல. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. மூச்சு விடக் கஷ்டப்படறா. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல, தங்கச்சி. மேல கூரையப் பாத்துக்கிட்டே படுத்திருக்கா." துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீயும் போட்டுடு. உன் கால்ல விழுறேன்."

சொன்னபடியே குனிந்தார். துங்கவ்வா பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தாள். கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது. வீட்டில் இருந்த ஆயிரத்து நானூறு ரூபாயை எடுத்து அவர் சட்டைப் பையில் திணித்தாள். வாங்க மறுக்கும் தெம்பு அவரிடம் இல்லை.

அன்று அவளும் ஆடிப்போனாள். பேனாவை எடுத்து வெறும் தாளில் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். இந்தப் பெயரைப் போட்டால் நாளைக்கே தானம்மா ஆஸ்பத்திரிக்குப் போவாள். மாருதிக்கு வேலை திரும்பும். நானூறு அடுப்பு எரியும். போடாமல் இருப்பதற்கு அவளிடம் இருந்தது ஒரே ஒரு காரணம்: போன பணம் திரும்பாது. அதை யாருக்கும் நிரூபித்துக் காட்ட முடியாது, போன பிறகுதான் தெரியும். தாளைக் கிழித்துப் போட்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஜில்லா கோர்ட்டுக்குப் போனாள். வக்கீல் நதாஃப் அம்மா, விதிகள் அடங்கிய பத்திரத்தை இரண்டு முறை படித்தார்.

"வழக்கு நிக்கும். நிதியத் தொடக்கூடாதுன்னு இடைக்காலத் தடை கேக்கலாம். ஆனா நேரம் ஆகும். அதுக்குள்ள உங்கள நீக்கிட்டா?"

"என்னத் தேர்ந்தெடுத்தவங்கதான் நீக்க முடியும்."

"அவங்க உங்க பக்கம் இருக்காங்களா?"

துங்கவ்வா மேஜைமேல் கிடந்த பத்திரத்தை அவர் பக்கம் தள்ளினாள். வக்கீல் அதற்கு மேல் கேட்காமல், பீஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காகிதத்தை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமையே பென்ஷன்காரர்கள் கூட்டம் கூட்டப்பட்டது. கல்யாண மண்டபத்துக்கு வாடகை கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. பின்னால் சமையல் நடந்துகொண்டிருந்தது. மூன்று மாதம் வயிறு காய்ந்தவர்களுக்கு நெய் வாசனை ஒன்றே போதுமாக இருந்தது. மேடையில் ஏறிய துங்கவ்வாவுக்கு முதலில் இருமல்தான் வந்தது. அடங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பசி எனக்கும் தெரியும். மூணு மாசமா எனக்கும் வரல. நம்ம பணத்த நிறுத்தினது நானில்ல, அவரு. நிறுத்தினவர்கிட்டயே சாவியக் குடுக்கச் சொல்றீங்க."

"நிறுத்தினவன்தான் குடுக்கவும் முடியும்" என்றது ஒரு குரல்.

"நாம சம்பளத்துல புடிச்சுக் குடுத்த காசு. இப்ப விட்டா, எழுபது வயசுல யார்கிட்டப் போய் நிப்போம்?"

"எழுபதுக்கு இருக்கிறவன் பாத்துக்கிறான்" என்று சென்னப்பா எழுந்தார். "எனக்கு இன்னிக்கு மாத்திரை வேணும். உனக்கென்ன, மகன் சம்பாதிக்கிறான். நீ நியாயம் பேசலாம்."

மாருதியின் வேலை போனது பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் சொல்லியிருக்கலாம். "என்னத் தூக்கணும்னா தூக்குங்க, பணத்த விடாதீங்க" என்று மட்டும் சொல்லி இறங்கினாள்.

கைகள் உயர்ந்தன. எண்ணத் தேவையே இருக்கவில்லை. ஈரண்ணா மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் இடத்துக்குச் சென்னப்பா வந்தார். திங்கட்கிழமை பத்தரை மணிக்குக் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை பென்ஷன் மூன்று மாதத்துக்கும் சேர்த்து வந்தது, துங்கவ்வா கணக்கிலும்தான். அதே செவ்வாய்க்கிழமை முதல் தவணையாகப் பதினாறு கோடி நிதியைவிட்டுப் போயிற்று.

நீதிமன்றத் தடை வந்தது அதற்குப் பதினோரு நாள் கழித்து. மிச்சமிருந்த சுமார் பதினைந்து கோடியைப் பென்ஷனுக்குத் தவிர வேறெதற்கும் தொடக்கூடாது என்று உத்தரவு. நதாஃப் அம்மா கைபேசியில் சொன்னபோது துங்கவ்வா சந்தைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். வாங்கிய வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மிச்சம் எத்தன நாளைக்கு வரும்மா?"

"இதே பென்ஷனக் குடுத்தா, பத்து வருஷம்கூடத் தாங்காது. போனதையும் திருப்பி வைக்கச் சொல்லிக் கேக்கணும். நீங்க ஒருத்தர் கேட்டா பத்தாது. பென்ஷன்காரங்க நிறையப் பேர் கையெழுத்தோட வாங்க."

ஊர் முழுக்க நடந்தாள். சிலர் வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். சிலர், "திரும்ப நிறுத்திட்டா நீயா சோறு போடுவ?" என்று கேட்டார்கள். ஒன்பது நாளில் பதினாறு கையெழுத்து. பத்தாவது நாள் ஈரண்ணா வீட்டுக்குப் போனாள். ஈரண்ணா தாளைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி. இந்தக் கை ஒருதடவ போட்டது போதும். இனி எதுலயும் போடாது."

கட்டிலில் கிடந்த தானம்மா தலையைத் திருப்பினாள். முகம் ஊதி, கண் இரண்டும் கீற்றாகத் தெரிந்தன.

"போடுங்க" என்றாள்.

"சும்மா இரு, தானி. மறுபடி நிறுத்திட்டா உன்னை எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?"

"என்னை எத்தன நாளைக்குக் கூட்டிட்டுப் போவீங்க?" மூச்சு வாங்க நிறுத்தினாள். "நான் போனப்புறம் நீங்க இருப்பீங்கல்ல. உங்களுக்கு ஒரு டீ போட்டுக் குடிக்கத் தெரியாது. காசும் இல்லாம என்ன பண்ணுவீங்க?"

ஈரண்ணா பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பிறகு பேனாவை வாங்கி, சுவரில் தாளை வைத்து, கோணல்மாணலாகப் போட்டார். துங்கவ்வாவின் முகத்தைப் பார்க்காமலே தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பதினேழு. அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கதவைத் தட்டியதும் அது நின்றது. இருமல் வந்தது, அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மறுபடி தட்டினாள்.