அஜ்ஜி பெயர்

தமிழ்செல்வியின் வயிற்றிலிருந்த பிள்ளை, ஆறாம் மாதம் தொடங்கிய வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்குக் கன்னடத்தில் பேசியது. ஓசூரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கிலோ தக்காளி வாங்கவே இங்கே மூன்று பாஷை வேண்டியிருக்கிறது, பிள்ளை மட்டும் என்ன செய்யும்? துடிப்புப் பார்க்கும் கருவியை வயிற்றில் வைத்த நர்ஸ் சுஜாதா தளிப் பக்கத்துக்காரர், கன்னடம் அறிந்தவர். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பேருங்களா சொல்லுதும்மா. துடிப்பு நல்லா இருக்கு" என்றார்.

புருஷன்காரன் சிவராஜுக்குக் கன்னடம் தெரியாது. இரண்டு வயதில் பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றவனைக் கிருஷ்ணகிரியில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். பெயரும் பிறந்த தேதியும் அவர்கள் வைத்ததுதான். இப்போது பிரேக் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. குலம் தெரியாதவனைக் கட்டிக்கொண்டாள் என்று சிங்காரப்பேட்டையில் தமிழ்செல்வியின் அப்பா பேச்சை நிறுத்தி நான்கு வருஷம். மற்ற கர்ப்பிணிகளோடு ஒரு வேன் ஜனம் வரும். இவர்கள் இரண்டே பேர் வருவார்கள். அப்பா வழியில் சர்க்கரை உண்டா, வலிப்பு உண்டா, இரட்டைப் பிள்ளை உண்டா என்று டாக்டரம்மா மாதாமாதம் கேட்பார். சிவராஜும் மாதாமாதம் "தெரியலீங்க மேடம்" என்பான். அப்படிச் சொல்ல அவனுக்கு வெட்கமில்லை. தன்னிடமிருந்து பிள்ளைக்கு என்ன போகிறது என்று தெரியாததுதான் பயம்.

பிள்ளை அம்மா வழியைத் தமிழிலும் அப்பா வழியைக் கன்னடத்திலும் சொன்னது. தமிழ்ப் பெயர்களைத் தமிழ்செல்வி சரிபார்த்தாள். எல்லாம் அவள் வீட்டில் செத்தவர்கள். மஞ்சள் காமாலையில் போன பெரியம்மா உண்டு. உயிரோடிருக்கும் அப்பா இல்லை. கன்னடப் பெயர்களைச் சிவராஜ் பழைய ஷிப்ட் அட்டையின் பின்பக்கம் எழுதினான். ஏழு தலைமுறை வந்தது, அட்டை போதவில்லை. ஒன்பதாம் மாதம் கடைசியாக, "அஜ்ஜ சென்னப்பா" என்றது. அஜ்ஜ என்றால் தாத்தா, அதாவது சிவராஜின் அப்பா. பாட்டியைச் சொல்லும் அஜ்ஜி என்று எதுவும் வரவில்லை.

"அப்ப எங்கம்மா உசுரோட இருக்காங்களா சிஸ்டர்?"

"வரலைன்னா இருக்கணுமில்ல தம்பி."

பெண் பிள்ளை பிறந்து, எல்லாப் பிள்ளைகளையும் போல அழ மட்டும் செய்தது. சிவராஜ் கன்னடம் கற்றுக்கொண்டான். இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் அத்திப்பள்ளி, ஆனேக்கல் என்று எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஊர் ஊராகப் போய், செத்துப்போன சென்னப்பா வீடு எது என்று கேட்டான். அந்தச் சீமையில் சென்னப்பாக்களுக்குப் பஞ்சமில்லை. நாற்பத்தொரு விதவைகளைப் பார்த்தான். பஸ் ஸ்டாண்டில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்டால் சிலர் திட்டினார்கள், சிலர் மோர் கொடுத்தார்கள், எல்லோரும் இல்லை என்றார்கள். விட்டுவிட்டு வந்தவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாளா என்ன? அது அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு முகத்திலும் தன் மூக்கைத் தேடினான்.

தமிழ்செல்வி இரண்டாவது முறை உண்டானாள். இந்தப் பிள்ளைக்கு அவசரம் போலிருக்கிறது, ஆறாம் மாதம் முதல் நாளே எல்லாப் பெயரையும் சொன்னது. சிவராஜுக்கு இப்போது யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. சென்னப்பாவோடு அது நிறுத்தவில்லை. "அஜ்ஜி கெம்பம்மா" என்றது.

அம்மாவின் பெயரை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்துப் படுக்கையில் உட்கார்ந்து அழுதான்.

"கெம்பம்மான்னு யாரையாவது பாத்தீங்களா?" என்று தமிழ்செல்வி கேட்டாள்.

நாற்பத்தொரு வீட்டிலும் அவன் புருஷன் பெயரைத்தான் கேட்டிருந்தான். "அவங்க பேரை ஒருத்தர்கிட்டயும் கேக்கல செல்வி."

"திரும்பப் போய்க் கேட்டுட்டு வாங்க."

"போயி, அந்த நாப்பத்தொரு பேர்ல எங்கம்மா இல்லவே இல்லைன்னு தெரிஞ்சிட்டா?"

அம்மா செத்துவிட்டாள் என்று மறுநாள் லீவு சொன்னான். எந்த ஊரில் சாவு என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு "தெரியலீங்க" என்றதால், சொந்த வேலை என்று எழுதிக்கொண்டார்கள். தென்பெண்ணைக் கரையில் மொட்டை போட்டு, மிதந்து வந்த கழிவு நுரையை ஒதுக்கி ஆற்றில் இறங்கினான். எந்த முகத்தை நினைத்து முங்குவது என்று தெரியவில்லை. ஆகவே முகத்துக்கு ஒரு முறையாக நாற்பத்தொரு முறை முங்கினான். பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தமிழ்செல்வி கரையில் நின்று எண்ணினாள்.