ஐந்தாவது அறைக்குப் போகாத சொல்

அச்சங்குளத்தை அடுத்த அந்தப் பட்டாசுக் கம்பெனிக்குள் நுழையும் பெண்கள் வளையல், ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். உள்ளே இரும்பு உரசினால் பொறி பறக்கும். தினமும் காலையில் அதற்கொரு வரிசை நிற்கும். அந்த வரிசையின் கடைசியில் மா கின் நிற்பாள். அவளுக்கும் முன்னால் நிற்பவளுக்கும் நடுவே இரண்டு ஆள் நிற்கிற இடம் எப்போதும் காலியாகவே கிடக்கும்.

அவள் பர்மாக்காரி. இந்த ஊர் சங்கிலிமுத்து ரங்கூன் அரிசி ஆலையில் வேலை பார்த்தபோது கட்டிக்கொண்டவள். போன வருஷம், 1964இல், அங்கிருந்து தமிழர்களைத் துரத்தியபோது அவனோடும் ஆறு வயது மகளோடும் கப்பலேறி வந்தாள். அங்கே அவனை "இந்தியாக்காரன், ஓடு" என்றார்கள். இங்கே அவளைச் "சீனாக்காரி" என்றார்கள். பர்மா வேறு, சீனா வேறு என்று சங்கிலிமுத்து சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் கும்பிட்ட புத்தர் நம் நாட்டிலிருந்து அங்கே போன சாமிதான். அவரையும் சீனாச் சாமி ஆக்கிவிட்டார்கள். இருக்கன்குடிக் கோயிலில் அவள் பொங்கல் வைத்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள். மாரியம்மன் ஒன்றும் தள்ளிப் போகவில்லை.

மற்றவர்களுக்கு இதெல்லாம் வம்பு, பொழுதுபோக்கு. மூக்கம்மாளுக்கு மட்டும் அது ரணம். அவள் தம்பி மொக்கைச்சாமி பட்டாளத்துக்குப் போய், சீனச் சண்டையில் பனிமலையில் செத்தவன். உடல்கூட ஊர் வரவில்லை. தந்திதான் வந்தது. மா கின்னின் சின்னக் கண்ணையும் சப்பை மூக்கையும் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மா கின் அவள் அருகில் வந்து உட்கார்ந்தாள். "மதினி, இந்த மருந்த எம்புட்டு அடைக்கணும்?" என்று கேட்டாள்.

மூக்கம்மாள் எழுந்து போர்மேன் பெத்தணனிடம் போனாள். "அண்ணாச்சி, அந்த மூஞ்சிக்குப் பக்கத்துல என்னால உக்கார முடியாது. அவ இருக்கணும்னா நான் வரல."

சீசன் நேரத்தில் நல்ல கைக்காரியை இழக்கப் பெத்தணனுக்கு மனம் இல்லை. புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்க ஒரே வரிசையில் ஐந்து அறைகள் இருந்தன. மா கின்னைக் கடைசி அறையில் தனியாக உட்கார வைத்தார். மூக்கம்மாளுக்கு நாலாவது அறை. அதன் பிறகு ஒரு வருஷமாக அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு வார்த்தை போனதில்லை.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் தூறல் விழுந்தது. அலுமினியப் பொடி கலந்த மருந்து ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். முதல் அறைத் தட்டில் கைவைத்த பெத்தணனுக்குச் சுட்டது. ஐந்து அறைக்கும் அன்று போனது அதே கலவைதான்.

இப்படி நேர்ந்தால் யாரும் கத்தக்கூடாது. கத்தினால் ஆட்கள் பதறி ஓடுவார்கள். ஓடினால் மருந்து சிந்திக் காலில் உரசும். அதனால் முதல் அறைக்காரி அடுத்த அறை வாசலில் நின்று "சூடு, எந்திரி" என்று மெதுவாகச் சொல்வாள். அவள் அடுத்தவளுக்குச் சொல்வாள். சொல் கடைசி அறைவரை நடந்து போகும். அதுதான் அங்கே வழக்கம்.

மூன்றாம் அறை ராக்காயி வந்து மூக்கம்மாளிடம் சொன்னாள். மூக்கம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தாள். வலப்பக்கம் நாலு எட்டு வைத்தால் ஐந்தாவது அறை. அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூடச் செய்தாள். ஒரு வருஷமாக மூடியிருந்த வாய் திறக்கவில்லை. 'போர்மேன் சொல்லியிருப்பாரு' என்று நினைத்துக்கொண்டு இடப்பக்கம் நடந்தாள்.

எல்லோரும் வேப்பமரத்தடியில் வந்து நின்றபோது ராக்காயி கேட்டாள்: "மூக்கம்மா, சீனாக்காரிய எங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஐந்தாவது அறை வெடித்தது.

மறுநாள் விசாரணைக்கு அதிகாரி வருமுன்பே பெத்தணன் பெண்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசாதீக. சொன்னோம், அவளுக்குத் தமிழ் வெளங்கல. அம்புட்டுத்தான்." எல்லோருக்கும் மூச்சு வந்தது. மூக்கம்மாளுக்கும்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இங்கே பழியைச் செத்தவள் தலையிலேயே கட்டியாயிற்று.

அதிகாரி கேட்கக் கேட்க, ஒவ்வொருத்தியும் அந்தப் பாடத்தை ஒப்பித்தாள். அவர் சங்கிலிமுத்துவிடம் திரும்பினார். "உன் சம்சாரத்துக்குத் தமிழ் தெரியாதாமே?"

மகளின் கையைப் பிடித்தபடி நின்ற சங்கிலிமுத்து யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ரங்கூன்ல அக்கம்பக்கத்துத் தமிழாளுகளோட நாளெல்லாம் பேசிக்கிட்டுத்தான் இருப்பாய்யா. இங்கன வந்த பெறகு அவகூட யாரும் பேசல. இவுக சொல்றபடி மறந்திருந்தாலும் மறந்திருப்பா."

அடுத்து மூக்கம்மாளின் முறை. "நீ போய்ச் சொன்னியாம்மா?"

"சொன்னேன்" என்றால் முடிந்தது. சீசன் முடிவதற்குள் மறுபடி வேலைக்கு வந்துவிடலாம். பெத்தணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லலய்யா," என்றாள்.

"மூக்கம்மா..." என்று பெத்தணன் எழுந்தார்.

"இருங்க அண்ணாச்சி." அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள். "அவளுக்குத் தமிழ் நல்லாத் தெரியும்யா. நான்தான் போய்ச் சொல்லணும். நாலு எட்டுத்தான். போகல. அவ மூஞ்சியப் பாத்து எதிரின்னு முடிவு பண்ணிட்டேன். அவ எந்த ஊரு, என்ன சாமி, யாரு பெத்த பிள்ளன்னு ஒரு நா கேக்கல. மூஞ்சியப் பாத்து ஒருத்தர எதிரின்னு ஒதுக்குனா, அது கொலையிலதான் போய் முடியும்யா."

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது.

"எந் தம்பியக் கொன்னது யாருன்னு எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளையோட ஆத்தாளக் கொன்னது யாருன்னு தெரியும். எழுதிக்கோங்க."